பூசாமல் விட்ட சுவர்

பழைய கட்டடங்களைத் திருத்துகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற மேசன் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மைக்கைக் கையில் தந்தால் திரும்பத் தரமாட்டேன் என்ற பயமோ என்னவோ, எழுதித் தந்தால் போதும் என்றார்கள். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. எழுத்தில் பிழை கண்டால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். சுவரில் பிழை கண்டால் என்னிடம் வாருங்கள்.

கண்டாவளையில் இறங்கி யாரையாவது என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் என் கை படாத ஊர் இல்லை. கிணறு, மதகு, பள்ளிக்கூடம், நெல்லுக் களஞ்சியம், பிள்ளையார் கோயில், மாதா கோயில், எல்லாம் கட்டியிருக்கிறேன். எனக்கு ஒருவரும் சான்றிதழ் தரவில்லை. நான் கட்டின மதகுக்கு மேலால் இன்றைக்கும் நெல்லு ஏற்றின லொறி போகிறது, அது எனக்குப் போதும். உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதாம். நல்லது. மழைக்கு நனையாமல் வையுங்கள்.

பெருமை பேசுகிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பிழையைப் பற்றி. அதையும் என்னை விடப் பெரிதாக ஒருவரும் செய்திருக்கமாட்டார்கள்.

முதலில் எனக்குத் தொழில் தந்த மனிசனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சொல்லமாட்டேன். தன் பெயர் ஊர் வாயில் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. அக்கராயனில் வாய்க்காலுக்கு மேலே ஒரு மதகு கட்டினோம். செங்கல் வளைவு. கீழே மரத்தால் முட்டுக் கொடுத்து, அதன்மேல் கல்லை அடுக்கி, சாந்து இறுகினதும் முட்டைத் தட்டி எடுக்கவேண்டும். நான் வைத்த முதல் வளைவு அது. இருபது வயது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

முட்டு எடுக்கிற அன்று காலை அவர் வளைவுக்குக் கீழே போய், தண்ணீர் இல்லாத வாய்க்காலில் சம்மணம் போட்டு இருந்தார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார்.

"எட, நீயும் வா."

"நான் இங்க நிண்டு பாக்கிறன், ஐயா."

"நீ வைச்ச கல்லுக்குக் கீழ நீ இருக்கமாட்டாய். அப்ப ஆரை இருக்கச் சொல்லுறாய்? மாடு சாய்ச்சுக்கொண்டு வாறவனையோ?"

போய் இருந்தேன். வெளியே நின்றவன் மரத்தில் முதல் அடி அடித்ததும் எழும்பி வயலுக்குள் ஓடிவிட்டேன். வரம்பில் தடக்கி விழுந்து சேறோடு திரும்பிப் பார்க்கிறேன், வளைவு அப்படியே நிற்கிறது, கீழே அவர் வெற்றிலை மென்றுகொண்டு இருக்கிறார். வளைவு நின்றதற்கு ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை. ஓடினதைத்தான் அக்கராயனில் இரண்டு போகம் கதைத்தார்கள். அந்த மனிசன் ஒரு மாதம் என் கையில் சாந்து அள்ளிப் பூசுகிற சாந்தகப்பையைத் தரவில்லை. தண்ணீர் சுமக்கவைத்தார்.

அதன் பிறகு நான் கட்டின எந்த வளைவுக்கும், முட்டுத் தட்டும்போது நான் கீழேதான் நின்றேன். இது எங்கள் கூட்டத்தின் வழக்கம். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்காது.

இனிக் கோயிலுக்கு வருகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், போனால் கண்டுபிடிப்பீர்கள். அங்கே வேதக்காரருடைய பழைய பங்குக் கோயில் ஒன்று. எத்தனை வருசம் என்று கேட்டால் ஊர்ச் சனம் ஒருவருக்கு ஒருவர் நூறு வருசம் கூட்டிக் குறைத்துச் சொல்லும். அதைக் கட்டினவன் யார் என்றும் தெரியாது. ஆனால் எப்படிப்பட்ட மேசன் என்று எனக்குத் தெரியும். கடலில் வெட்டின முருகைக்கல், சிப்பி சுட்டு எடுத்த சுண்ணாம்பு, இரண்டும்தான் அவனிடம் இருந்தவை. ஆழமான அத்திவாரம் இல்லை. மணலில் அடிப்பக்கத்தை அகலமாக விரித்து, மேலே போகப் போக ஒடுக்கி, குந்தியிருக்கிற ஆள் மாதிரிச் சுவரை வைத்திருக்கிறான். சன்னல் வைத்த இடத்தில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு மொத்தம். சின்னச் சன்னல்கள், உயரத்தில். கடற்பக்கம் ஒரு வாசல், அதற்கு மேலே அரைவட்ட வளைவு. திருவிழாவுக்கு அந்தோனியார் சுரூபம் அந்த வாசலால்தான் வெளியே போய்க் கரையில் நிற்கிற வள்ளங்களை ஆசீர்வதிக்கும். முன்வாசலால் போனால் அந்த வருசம் மீன் படாது என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நான் சைவக்காரன். எனக்கும் அந்தச் சுவருக்கும் என்ன என்றால், சண்டையின் கடைசியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கரைக்கு வந்தபோது நானும் மனிசியும் மூன்று நாள் அதன் பின்னால் படுத்துக் கிடந்தோம். அந்தப் பக்கம் வந்து விழுந்ததை எல்லாம் சுவர் வாங்கியது. நாங்கள் எழும்பி வந்தோம். வேறு விபரம் எழுத விருப்பமில்லை.

சனம் திரும்ப வந்து குடியேறினதும் நான் அந்த ஊருக்குப் போனேன். கூரை இல்லை. சுவர் நிற்கிறது, உடம்பெல்லாம் காயம். கூரையை வேறு ஆட்கள் போட்டார்கள். சுவரை நான் பூசித் தருகிறேன், இது என் நேர்த்திக்கடன் என்றேன். உயிர் தந்த சுவருக்கு ஒரு மனிசன் என்ன செய்வான்? தன்னிடம் உள்ளதில் சிறந்ததைச் செய்வான். எனக்குத் தெரிந்ததில் சிறந்தது சீமெந்து. மணலைக் குறைத்து, சீமெந்தைக் கூட்டி, மூன்று தடவை பூசினேன். உள்ளும் புறமும். மட்டப்பலகையை எந்தப் பக்கம் வைத்தாலும் இடையில் வெளிச்சம் தெரியாது.

கோயிலுக்குப் பொறுப்பான மூப்பர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். அவர் மீன்பிடிகாரர், கதை குறைந்த மனிசன்.

"மேசன், முகம் பாத்துச் சீப்பால தலை இழுக்கலாம் போல கிடக்கு."

இந்தச் சொல்லில் எனக்குத் தலை கொழுத்துவிட்டது. முன்வாசலுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், பூச்சு காயமுன் ஆணியால் என் பெயரைக் கீறினேன். பெயருக்குக் கீழே 'நேர்த்தி' என்றும் கீறினேன். பெரிய எழுத்து.

ஒரு குறை மட்டும். பீடத்துக்குப் பின்னால், பூசை உடுப்புகள் வைக்கிற சின்ன அறையின் சுவருக்கு வந்தபோது சீமெந்து முடிந்துபோய்விட்டது. பிறகு வந்து முடித்துத் தருகிறேன் என்று மூப்பரிடம் சொன்னேன். வேறு வேலைகள் வந்தன, போகவில்லை. அந்த ஒரு சுவரை நினைத்து ஏழு வருசம் வெட்கப்பட்டேன். அந்த ஊர் ஆட்களை முல்லைத்தீவுச் சந்தையில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவேன்.

ஏழாம் வருசம் தை மாதம் செய்தி வந்தது. கோயிலை இடிக்கப் போகிறார்களாம். மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நான் போக, கோயில் முற்றத்தில் கூட்டம் நடக்கிறது. பங்குத் தந்தை புதிதாக வந்தவர், அமைதியான மனிசன். வவுனியாவில் இருந்து ஒரு இஞ்சினியர் பிள்ளை வந்திருந்தா. கையில் அறிக்கை. சுவர் பலமிழந்துவிட்டது, இடித்துவிட்டுக் கொங்கிறீற்றில் புதிதாகக் கட்டுங்கள் என்று அதில் இருக்கிறதாம். நான் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

"ஆர் சொன்னது இந்தச் சுவர் விழும் எண்டு?"

"நான்தான், ஐயா. விரலால குத்தக் கல்லு உதிருது. சனத்தை உள்ளுக்கு விட்டிட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

"பிள்ளை, நீங்கள் பிறக்க முதலே நான் சுவர் கட்டினனான்."

"அதுக்காக இது விழாம நிக்குமோ, ஐயா?"

சனம் சிரித்தது. மூப்பர் சிரிக்கவில்லை. "மேசன், கோயில் எங்கட. நீர் சைவம். உமக்கேன் இந்தக் கொதி?"

"கோயில் உங்கட. என்ர உயிரைக் காப்பாத்தின சுவர் இது."

நல்ல பதில். சொல்லிவிட்டு அதோடு நின்றிருக்கவேண்டும். நான் சாந்தகப்பையை எடுத்து, எல்லாரும் பார்க்க, அதன் பிடியால் சுவரைத் தட்டினேன். 'ணங்' என்று கேட்கும், இந்தப் பிள்ளை வெட்கப்படும் என்று நினைத்தேன். வெறும் தகரப் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினேன். அதே சத்தம். மூன்றாவது இடத்தில் பூச்சு ஒரு பாய் அளவுக்கு அப்படியே கழன்று என் காலடியில் விழுந்தது.

பிள்ளை ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

உள்ளே போய் ஒரு வாங்கில் குந்தினேன். கோயில் கூட்டுகிற திரேசம்மா தும்புத்தடியோடு வந்தா.

"அண்ணை, காலைத் தூக்குங்கோ."

சுவர் ஓரமாக வெள்ளையாக ஏதோ குவித்து வைத்திருந்தா.

"உதென்ன, மாவோ?"

"மாவெண்டா ரொட்டி சுட்டிருப்பன். உப்பு. மாரி முடியத் தொடங்கினா ஒவ்வொரு நாளும் காலமை ஒரு சுளகு. உங்கட பூச்சு வந்த வருசத்தில இருந்து இதுதான் எனக்கு வேலை."

"கடற்கரைக் கோயில். உப்பு வராம என்ன வரும்?"

"அப்ப பின்னறையில ஏன் வரேல்லை? அங்க நான் கூட்டுறது சிலந்தி வலையைத்தான்."

நான் எழும்பிப் பின்னறைக்குப் போனேன். ஏழு வருசமாக நான் வெட்கப்பட்ட சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சு, அங்கங்கே கழன்று, கல்லுத் தெரிய நிற்கிறது. கையை வைத்தேன். காய்ந்திருக்கிறது. பிடியால் தட்டினேன். கோயில் மணி மாதிரிச் சொன்னது.

திரும்பி வந்து, பீடத்துக்குப் பக்கத்தில் என் பூச்சை உளியால் ஒரு முழத்துக்கு உடைத்தேன். உள்ளே கல்லு தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரி இருந்தது. விரலை வைத்தேன், விரல் போனது.

பிள்ளைகளே, அப்போது எனக்கு விளங்கினதை நீங்கள் வகுப்பில் அரை மணித்தியாலத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சுவர் மணலில் இருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். மாரிக்கு நனைந்து தென்மேற்கால் அடிக்கிற சோளகக் காற்றுக்குக் காய்ந்து, நனைந்து காய்ந்து, தன்பாட்டில் நின்ற சுவர். நான் இரண்டு பக்கமும் சீமெந்தால் அடைத்துவிட்டேன். ஈரம் வெளியே வர வழியில்லை. அதோடு வந்த உப்பு உள்ளே இருந்து கல்லைத் தின்றது, மிச்சம் வெடிப்பாலும் ஓரத்தாலும் திரேசம்மாவின் சுளகுக்கு வந்தது. சண்டை கொல்லாத சுவரை என் நன்றி கொன்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். முதலாவது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

வெளியே வந்து, "ஃபாதர், இடிக்காதேங்கோ" என்றேன். "கடற்காத்து பூச்சுக்குள்ள போயிட்டுது. பூச்சை உரிச்சுக் காயவிட்டா சுவர் பிழைக்கும். நான் உரிச்சுத் தாறன்."

பிள்ளை நான் உடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தா. கல்லைத் தொட்டா. பின்னறைக்குப் போய் அங்கேயும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தா.

"பிழை பூச்சிலயோ, ஐயா?"

"காத்தில, பிள்ளை."

அவாவின் கண் முன்வாசல் பக்கம் போனது. அங்கே என் பெயர். கையில் இருந்த அறிக்கையை மடித்தா. ஆடியில் திருவிழாக் கொடியேற்றம், அதற்குள் சுவர் காய்ந்து காட்டவேண்டும், காயாவிட்டால் இடிப்புத்தான் என்றா. அதுவரை பூசை வெளியே கொட்டிலில். கடற்பக்க வளைவுக்குக் கல்லுக் கழன்றிருக்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். பதினைந்து நாளில் நான் பூசினதை உரிக்க இரண்டு மாதம் பிடித்தது. அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தேன். என் பெயர் இருந்த துண்டை மட்டும் கடைசிக்கு என்று விட்டேன். முன்வாசல் பக்கம் போகும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிடும்.

வளைவு வேலையை மாசியிலேயே முடித்தேன். கழன்ற கல்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வைத்தேன். சீமெந்து ஒரு நாளில் இறுகும். சுண்ணாம்புக்கு மாதக்கணக்கு வேண்டும். அதை அவசரப்படுத்த ஏலாது. முட்டு நிற்கட்டும் என்று விட்டேன்.

சோளகம் தொடங்கினது. சுவர் கீழ்ப்பக்கம் கறுப்பாக, மேலே சாம்பலாக, ஒரு வரியாகக் காய்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு கிழமையும் அந்த வரி ஒரு சாண் கீழே இறங்கும். எனக்கு அது பிள்ளையின் காய்ச்சல் இறங்குகிற மாதிரி. ஊருக்கு அப்படித் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது, குழி விழுந்து, கல்லுத் தெரிந்து, குண்டுக் காயம் எல்லாம் வெளியே வந்து நிற்கிற கோயில். இந்த முறை கொடியேற்றத்துக்கு ஆயர் வருகிறார். மூப்பர் நாளுக்கு இரண்டு தரம் வந்து பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போவார்.

கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்க ஒரு நாள் காலை நான் போக, முற்றத்தில் லொறி. சீமெந்துப் பைகள் இறங்குகின்றன. வேறு ஊர் மேசன்மார் நாலு பேர் சாந்து குழைக்கிற தட்டோடு நிற்கிறார்கள்.

"என்ன மூப்பர் உது?"

"பூசப் போறம். ஆயர் வந்து இந்த அம்மணக் கோயிலைப் பாக்கிறதோ?"

"ஒரு கரண்டி சீமெந்து இந்தச் சுவரில படக்கூடாது."

"ஏன்? நீர்தானே சொன்னீர், காத்துத்தான் பிழை எண்டு. அப்ப முந்தியை விட மொத்தமாப் பூசினாக் காத்துப் போகாதெல்லோ?"

அவரில் என்ன பிழை? நான் சொன்ன பொய்க்கு அவர் சரியான மருந்தைத்தான் வாங்கியிருந்தார்.

நான் இறக்கி வைத்த பைகளுக்கு மேலே ஏறிக் குந்தினேன். அறுபத்தைந்து வயது. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வந்த மேசன்மாரில் ஒருவன், "அப்பு, இறங்குங்கோ, உடுப்பெல்லாம் தூசு" என்றான். இறங்கவில்லை. சனம் சேர்ந்துவிட்டது. ஃபாதர் தான் தங்குகிற அறைவீட்டில் இருந்து ஓடி வந்தார். வெயில் ஏறினது. நானும் இறங்கவில்லை, மூப்பரும் போகவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, வலையைத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார்கள்.

"மேசன், கடைசியாக் கேக்கிறன்" என்றார் மூப்பர். "இதே சீமெந்தை இதே சுவரில ஏழு வருசத்துக்கு முதல் நீர்தானே பூசினீர்? அப்ப நல்லது, இப்ப கூடாதோ?"

எனக்கு அக்கராயன் வாய்க்கால் ஞாபகம் வந்தது. சேறு பூசின வேட்டி ஞாபகம் வந்தது.

"காத்தில பிழை இல்லை, மூப்பர். நான்தான் பிழை. அண்டைக்கும் கூடாது, இண்டைக்கும் கூடாது. உங்கட கோயிலை உக்கப் பண்ணினது என்ர பூச்சு. தை மாசமே எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

மூப்பரின் முகம் சிவந்து கறுத்தது.

"அப்ப ஏழு வருசமா ஒவ்வொரு திருவிழாவுக்கும் பூசையில உம்மட பேரைச் சொல்லி நாங்கள் மண்டாடினது?"

"அது உங்கட பிழை. நானோ சொல்லச் சொன்னன்?"

பின்னால் திரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு யாரோ வலையோடு நின்றவன் சிரித்தான். மூப்பர் சிரிக்கவில்லை, ஆனால் திரும்பி லொறிக்காரனைப் பார்த்தார். "ஏத்தடா திரும்ப." என்னைப் பார்த்தார். "இறங்கும். உம்மையும் சேத்து ஏத்திப்போடுவன்."

அந்தச் சீமெந்தை மீன் வாடிக்கு நிலம் போட எடுத்தார்கள். அது நல்ல நிலம். சீமெந்தில் எனக்குக் கோபம் இல்லை.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் இஞ்சினியர் பிள்ளை ஈரம் பார்க்கிற கருவியோடு வந்தா. ஒவ்வொரு மாதமும் வந்து அளந்தவாதான். சுவரைச் சுற்றி வந்து, இரண்டாம் தரமும் சுற்றி வந்து, "சுவர் சரி, ஐயா" என்றா. கேட்டுக்கொண்டிருந்த ஃபாதர் நெற்றியில் சிலுவை போட்டார். "ஆனால் வளைவு எனக்குப் பயமாக் கிடக்கு. முட்டு நிக்கட்டும். சுரூபம் முன்வாசலால போகட்டும்."

"முன்வாசலாலயோ?" மூப்பர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, தன் பக்கத்து ஆளைப் பார்க்கிற மாதிரி.

நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஐந்து மாதச் சுண்ணாம்பு. போதும் என்று என் கை சொன்னது. இந்தக் கைதான் சீமெந்தும் நல்லது என்று சொன்ன கை. அதனால் கையை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன், சாந்தை ஆணியால் கீறிப் பார்த்தேன். பிள்ளையையும் ஏணியில் ஏற்றி, தட்டிக் கேட்கச் சொன்னேன். அவா கேட்டா. இறங்கிவந்து சாந்தகப்பையை என்னிடம் தந்தா.

"பிள்ளை, எங்கட தொழிலில ஒரு வழக்கம் இருக்கு. முட்டை எடு எண்டு சொல்லுறவன் வளைவுக்குக் கீழ நிக்கோணும். நான் சொல்லுறன், எடுக்கலாம். நான் நிக்கிறன். நீங்கள் சரி எண்டு கையெழுத்து வைக்கிறதெண்டா நீங்களும் வரலாம். வராட்டி முட்டு நிக்கட்டும், நான் கோவிக்கமாட்டன்."

அவா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்தா.

"உது கல்லைக் காப்பாத்தவோ, பிள்ளை, உங்களைக் காப்பாத்தவோ?"

"பகிடி விடாதேங்கோ, ஐயா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான். நிலத்தைப் பாராதேங்கோ, கடலைப் பாருங்கோ."

இரண்டு பேரும் வாசலில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூப்பரே சுத்தியலை எடுத்தார். முதல் அடி. மேலே இருந்து கொஞ்சம் மணல் என் தோளில் கொட்டினது. இரண்டாம் அடி. மரம் முனகினது. அப்போது பின்னால் இருந்து திரேசம்மா தும்புத்தடியோடு எங்களுக்கு நடுவில் வந்து நின்றா.

"திரேசம்மா, விலகி நில்லுங்கோ!"

"எப்பிடியும் நான்தானே கூட்டோணும். கல்லு விழுந்தாலும் நான்தான், மணல் விழுந்தாலும் நான்தான். அடியுங்கோ, மூப்பர்."

மூன்றாம் அடியில் முட்டுக் கழன்றது. வளைவு ஒரு நூல் அளவு இறங்கினது. கண்ணுக்குத் தெரியாது, தோளுக்குத் தெரியும். இறங்கி, கல்லுக் கல்லைப் பிடித்து, நின்றது. திரேசம்மா எங்கள் காலடியில் விழுந்த மணலைக் கூட்டத் தொடங்கினா.

மறுநாள் ஆயர் வந்தார். கோயில் காயத்தோடுதான் நின்றது. ஆயர் குண்டு பட்ட ஒரு குழியில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு உள்ளே போனார். திருவிழாவன்று அந்தோனியார் கடற்பக்க வாசலால் கரைக்குப் போனார். அடுத்த வருசம் சோளகத்தில் சுண்ணாம்பால் மெல்லிசாகப் பூசி முடித்தேன். பின்னறைச் சுவரைத் தொடவில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்லவேண்டியது. உங்களுக்கு முன்னால் வேலை செய்தவன் மடையன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பழைய சுவருக்குக் கிட்டப் போகாதீர்கள். அவன் இரண்டு பொருளை வைத்துக்கொண்டு பல தலைமுறைக்கு நிற்கிற சுவரைக் கட்டினான். நான் கடையில் உள்ள எல்லாப் பொருளையும் வைத்துக்கொண்டு ஏழு வருசத்தில் உக்கவைத்தேன். சுவரைப் பற்றி அறியவேண்டும் என்றால் கூட்டுகிறவரிடமும் கேளுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், ஐந்து மாதம் பொறுத்துச் சீமெந்துப் பைக்கு மேலே இருந்து சொல்லாதீர்கள், சுடும்.

ஒன்று மிச்சம். முன்வாசலுக்குப் பக்கத்தில் என் பெயர் கீறின சீமெந்துத் துண்டு. இரண்டு சாண் நீளம், ஒரு சாண் உயரம். சுண்ணாம்பு பூசி முடிகிற அன்று மூப்பர் உளியைக் கொண்டுவந்து தந்தார். "உம்மட பேர், நீரே எடும்" என்றார். மாட்டேன் என்றேன். பெருமைக்கு விடுகிறான் என்று நினைத்து முகத்தைச் சுளித்தார். இஞ்சினியர் பிள்ளையிடம் முறையிட்டார். அவா வந்து பார்த்தா, இவ்வளவு துண்டால் சுவருக்கு ஒன்றும் ஆகாது, கிடக்கட்டும் என்றா. அவாவுக்கு விளங்கினது.

நீங்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் அந்தக் கோயிலுக்குப் போங்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். சுவர் வெள்ளையாக, காய்ந்து, சுகமாக நிற்கும். முன்வாசலுக்குப் பக்கத்தில் என் பெயரை வாசியுங்கள், பெரிய எழுத்து, கண்ணாடி தேவையில்லை. வாசித்துவிட்டுக் குனிந்து நிலத்தைப் பாருங்கள். கோயில் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் உப்புக் கொட்டிக் கிடக்கும். திரேசம்மா கூட்டமுன் போங்கள்.